புதுப் பட்டரின் முதல் ஆறு வாரம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அம்கேனி ஆற்றை ஒட்டிய நகராட்சி கோல்ஃப் மைதானத்தில் ஞாயிறு காலை ஆறரைக்கே நாங்கள் நான்கு பேரும் கூடிவிடுவோம். போன டிசம்பரில் ஒரு நாள், எங்களில் மூத்தவரான மெர்பேங்க் மாமா, பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையான பட்டர் ஒன்றைப் புதிதாக வாங்கிவந்து, அதன் உறையை முதல் குழியருகேதான் கழற்றினார். முதல் நான்கு குழிகளுக்குள் மூன்று நீள உருட்டல்கள் உள்ளே விழுந்தன. "தம்பி, நான் ஒண்ணும் செய்யல, பந்து தானாப் போவுது" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை. பிப்ரவரியில் அதே பட்டர் அவர் காரின் பின்பெட்டியில் கிடந்தது. பழைய பட்டர் பைக்குத் திரும்பியிருந்தது.

இது மாமா ஒருவரின் கதையாக இருந்தால் எழுத வேண்டியதில்லை. சாட்ஸ்வர்த், ரெசர்வாயர் ஹில்ஸ், ஃபீனிக்ஸ் என்று எங்கள் வட்டத்தில் கோல்ஃப் ஆடுகிற யாரைக் கேட்டாலும் இதே கதைதான். வாங்கிய வாரம் அற்புதம், மூன்றாம் வாரம் பரவாயில்லை, ஆறாம் வாரம் "இது எனக்கு ஒத்துவரல". ஏன் இப்படி ஆகிறது? பட்டரில் உண்மையிலேயே ஏதாவது மாறியிருந்ததா, அல்லது ஆடுபவரிடம் மாறியதா? எனக்குக் கிடைத்த பதில் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு என்பதுதான். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் நிறைய ரேண்ட், அதாவது எங்கள் ஊர்க் காசு, மிச்சமாகும். மனவேதனையும் மிச்சமாகும், அதுதான் பெரிது.

கோல்ஃப் ஆடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். அவற்றில் பட்டர் மட்டும் பந்தை மேலே தூக்கி அடிப்பதற்கானது இல்லை. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், அதாவது கிரீனில், பந்தை உருட்டுவதற்கானது. நன்றாக ஆடுபவர் ஒரு சுற்றில் எழுபது சொச்சம் முறை அடித்தால் அதில் முப்பதுக்குக் கிட்ட பட்டரால்தான். தென்னாப்பிரிக்காவின் பாபி லாக் 1949, 1950, 1952, 1957 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றவர். தூரமாக அடிப்பது காட்சிக்கு, உருட்டுவது காசுக்கு என்று பொருள்படும் வாசகம் அவர் பெயரில்தான் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அவர் கையில் இருந்ததோ ஹிக்கரி மரத்தண்டு போட்ட பழைய பட்டர்.

குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர், அதாவது நடுவிலிருந்து விளிம்புக்கு 5.4 சென்டிமீட்டர். மூன்று மீட்டர் தள்ளி நின்று, சமதரையில், நேராக உருட்டுகிறோம் என்று வையுங்கள். பட்டரின் முகம் பந்தைத் தொடும் கணத்தில் ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால், பந்து குழியை அடையும்போது சுமார் ஐந்து சென்டிமீட்டர் விலகியிருக்கும். விளிம்பில் தொட்டு விழலாம், விழாமலும் போகலாம். ஒரு டிகிரி எவ்வளவு என்று பார்க்க, கடிகாரத்தின் நிமிட முள்ளைப் பாருங்கள். அது பத்து விநாடியில் நகரும் தூரம்தான் ஒரு டிகிரி. பந்து புறப்படும் திசையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் முகம் பார்க்கும் திசைதான் தீர்மானிக்கிறது, மட்டை வீசப்படும் பாதைக்கு மிச்சப் பங்குதான். ஆகவே பட்டர் செய்பவர்களின் முயற்சியெல்லாம், கடைசியில், அந்த ஒரு டிகிரியைக் காப்பாற்றும் முயற்சிதான்.

எனக்கு இந்தக் கணக்கைவிட ஆறுதல் தந்தது இன்னொரு கணக்கு. அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் ஆடுபவர்களே எட்டு அடியிலிருந்து பாதிதான் போடுகிறார்கள். இருபது அடியிலிருந்து நூறுக்குப் பதினைந்து. நம் மாமா முதல் நாளில் மூன்று நீள உருட்டல் போட்டது பட்டரின் சாமர்த்தியமாக இருக்க முடியாது என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். எட்டு அடியில் தவறவிட்டுவிட்டு மட்டையைத் தரையில் குத்துகிறவர்களுக்கு இதை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொடுக்கலாம் என்று தோன்றும்.

சரி, மட்டையில் மாறக்கூடியது என்ன?

பழைய காலத்தில் டர்பன் தெருக்களில் நம்மவர்கள் காய்கறி விற்ற விதம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தோளில் ஒரு கம்பு, இரண்டு முனையிலும் கூடை. ஒப்பந்தக் கூலி முடிந்து வெளியே வந்த தலைமுறை அப்படித்தான் வீடு வீடாகப் போனது. கூடைகளை இரண்டு முனையிலும் தொங்கவிட்ட கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள், திரும்ப மாட்டீர்கள். சுமை உங்களை நிதானமாகத்தான் திரும்பவிடும். அதே சுமையைக் கம்பின் நடுவில் கட்டினால் எளிதாகச் சுழலலாம். 1960களில் கார்ஸ்டன் சோல்ஹைம் பட்டரில் செய்தது இதுதான். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த அவர், தலையின் எடையை நடுவிலிருந்து எடுத்து குதிகால் பக்கமும் (தண்டை ஒட்டிய முனை) விரல் பக்கமும் (அதற்கு எதிர்முனை) வைத்தார். பந்து நடுவில் படாமல் சற்றுத் தள்ளிப் பட்டாலும் தலை முறுக்கிக்கொள்ளாது, தூரமும் பெரிதாகக் குறையாது. அவருடைய முதல் பட்டர் பந்தைத் தொடும்போது எழுப்பிய 'பிங்' என்ற ஓசையே அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயரானது. 1966இல் வந்த ஆன்சர் என்ற வடிவத்தை இசைத்தட்டு ஒன்றின் காகித உறையில் வரைந்ததாகச் சொல்வார்கள். இன்று கடையில் தொங்கும் பட்டர்களில் பலவும் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

பின்பக்கம் அகன்று நீண்ட மாலெட் வகைகள் இதே கொள்கையை இன்னும் தூரம் கொண்டுபோனவை. 2001இல் வந்த ஒடிசி நிறுவனத்தின் டூ-பால் பட்டரில் தலையின் மேல் பந்தளவில் இரண்டு வெள்ளை வட்டங்கள் இருந்தன. உண்மையான பந்தோடு சேர்த்து மூன்றும் ஒரே கோட்டில் நின்றால் முகம் குறியைப் பார்க்கிறது என்று பொருள். குறிபார்ப்பதற்கு அது தந்த உதவி பெரியது. முகத்தில் மென்மையான தகடு பதிப்பது, கோடு கோடாகக் கடைவது எல்லாம் ஓசையையும் உணர்வையும் மாற்றுபவை. அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை.

இப்போது எல்லோரும் பேசுவது வேறொன்றை. சமையலறைக் கரண்டியை எடுத்து, காம்பின் நுனியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கிண்ணம் ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். காம்பின் கோடு ஒரு இடத்திலும் எடையின் மையம் வேறிடத்திலும் இருப்பதால் வரும் முறுக்கு அது. சாதாரணப் பட்டரும் அப்படித்தான். வீசும்போது முகம் தானாகத் திறக்கும், கை அதை மூடவேண்டும். பட்டரின் தண்டை விரலின் மேல் கிடையாக நிறுத்தினால் இது கண்ணுக்கே தெரியும். சில பட்டர்களின் விரல்முனை தரையை நோக்கித் தொங்கும், சிலவற்றின் முகம் வானத்தைப் பார்க்கும். தண்டின் அச்சு எடை மையத்தின் ஊடாகவே போகும்படி செய்துவிட்டால் தலைக்குத் தானாகத் திரும்பும் நாட்டமே இருக்காது. முறுக்கில்லாப் பட்டர் என்று இதைச் சொல்லலாம். கடைக்காரர்கள் 'ஜீரோ டார்க்' என்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து எல்.ஏ.பி. நிறுவனம் இதைப் பரப்பியது. பிறகு ஒடிசி, டெய்லர்மேட், பெட்டினார்டி, பி.எக்ஸ்.ஜி. என்று எல்லாரும் தங்கள் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். எல்.ஏ.பி.யின் விலை அமெரிக்காவிலேயே 400 டாலரைத் தாண்டும்.

இதனால் யாருக்கு லாபம்? பத்தாண்டுகளுக்கு மேல் குட்டை உருட்டலில் கை உதறி அவதிப்பட்ட அமெரிக்க ஆட்டக்காரர் லூகஸ் குளோவர் 2023இல் இந்த நிறுவனத்தின் நீண்ட பட்டருக்கு மாறினார். அந்த ஆகஸ்டில் அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் இரண்டு போட்டிகளை வென்றார். கையின் கடைசிக் கணத் துடிப்புதான் ஒருவரின் நோய் என்றால், முகத்தை மூடும் வேலையைக் கையிடமிருந்து பறிக்கும் பட்டர் மெய்யாகவே மருந்தாகலாம். ஆனால் எல்லோரும் சுட்டிக்காட்டும் மற்றொரு காட்சியைக் கவனமாகப் பார்க்கவேண்டும். 2025 ஜூனில் ஓக்மான்ட்டில் நடந்த அமெரிக்க ஓப்பனின் கடைசிக் குழியில் ஜே.ஜே. ஸ்பான் 64 அடியிலிருந்து உருட்டிப் போட்டு வென்றார். கையில் இருந்தது எல்.ஏ.பி. பட்டர்தான். அடுத்த வாரமே எங்கள் ஊர்க் கடையில் அதைப் பற்றி விசாரித்தவர்கள் அதிகம். ஆனால் 64 அடி உருட்டலில் முகத்தின் ஒரு டிகிரியைவிடப் பெரிய கேள்வி தூரம், அதைவிடப் பெரியது சாய்வு. அவருக்கு முன்னால் சக ஆட்டக்காரர் விக்டர் ஹோவ்லண்ட் ஏறக்குறைய அதே கோட்டில் உருட்டியதை ஸ்பான் பார்த்திருந்தார். பந்து எப்படி வளையும், எங்கே வேகம் குறையும் என்று கண்முன் தெரிந்திருந்தது. அந்தப் பட்டர் செய்த உதவியில் நான் சந்தேகப்படவில்லை. அந்த ஒரு உருட்டலைக் காட்டி அதை விற்பது மட்டும் சரியில்லை.

மாமாவின் முதல் வாரத்துக்கு வருவோம். ஒருவர் எப்போது புதுப் பட்டர் வாங்குகிறார்? நன்றாகப் போடும்போது யாரும் வாங்குவதில்லை. மிக மோசமான மாதத்தின் முடிவில், ஒரு அடி உருட்டலைத் தவறவிட்ட எரிச்சலில், வீட்டுக்குப் போகும் வழியில் வாங்குகிறோம். மிக மோசமானதற்கு அடுத்து வருவது எப்படியும் கொஞ்சம் மேலாகத்தான் இருக்கும். பழைய பட்டரையே வைத்திருந்தாலும் அப்படித்தான். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது கட்டிய தாயத்துக்குப் பெயர் கிடைப்பது போல, இறங்கும் நேரத்தில் கையில் இருந்ததற்குப் பெருமை சேர்கிறது.

இரண்டாவது காரணம் கவனம். புதுப் பொருள் கையில் இருக்கும்போது நாம் அவசரப்படுவதில்லை. பந்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்க்கிறோம், கோட்டைச் சரிபார்க்கிறோம், ஓசையைக் கேட்கிறோம். மாமாவை நான் கவனித்தேன். டிசம்பரில் ஒவ்வொரு உருட்டலுக்கும் இரண்டு ஒத்திகை வீச்சு. ஜனவரி நடுவில் ஒன்று. பிப்ரவரியில் பேசிக்கொண்டே வந்து உருட்டினார். பட்டர் அதேதான்.

மூன்றாவது எடை. மெல்லிய தலை கொண்ட பழைய பிளேடு வகைகளின் தலை 300 கிராமை ஒட்டி இருந்தது. இன்றைய தலைகள் பெரும்பாலும் 350 கிராமும் அதற்கு மேலும். கனமான தலை நிதானமாக ஆடும், கையின் சின்ன நடுக்கம் அதை அசைக்காது. அதனால் குட்டை உருட்டல் உடனே சீராகிறது. ஆனால் தூரத்துக்குக் கை பழகியிருந்த அளவெல்லாம் பழைய எடைக்கு உரியவை. முதல் நாளில் அந்தக் குழப்பம் அதிர்ஷ்டமாக விழலாம். பிறகு மூன்று முறை உருட்டும் குழிகள் எண்ணிக்கையில் ஏறும். வாங்கியவர்கள் 'ஒத்துவரல' என்று முடிவுகட்டுவது இந்தக் கட்டத்தில்தான். இது பழக்கம் மாறும் காலம், பொறுத்தால் சரியாகும் என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. நீள உருட்டலை மட்டும் தினம் பத்து நிமிடம் பழகியிருந்தால் மாமா அந்தப் பட்டரைக் கைவிட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

என் சொந்த அனுபவம் வேறு மாதிரி. நான் ஐந்தடி ஐந்தங்குலம். ஒரு கடையில் எனக்கு 35 அங்குலப் பட்டரை எடுத்துக் கொடுத்தார்கள், எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள் என்றார்கள், நானும் வாங்கி வந்தேன். நீளத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை, அவர்களும் அளக்கவில்லை. எட்டு மாதம் அதோடு போராடினேன். ஒருநாள் மாமா என் மனைவியின் முகப்பவுடர் டப்பாவைக் கேட்டு வாங்கி, பட்டரின் முகத்தில் லேசாகத் தூவி, கூடத்துக் கம்பளத்தில் பத்து பந்து உருட்டச் சொன்னார். பந்து பட்ட இடமெல்லாம் பவுடர் போய் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. பத்தில் எட்டு, நடுவிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, குதிகால் பக்கம். தண்டு நீளமாக இருந்ததால் நான் பந்தைவிட்டுத் தள்ளி நின்றேன், பட்டரின் விரல்முனை தரையிலிருந்து தூக்கிக்கொண்டு நின்றது, கண் பந்துக்கு நேர் மேலே இல்லாமல் உள்ளே இருந்தது. கண் உள்ளே இருந்தால் நேர்க்கோடே வளைந்து தெரியும். மாமா தன் பட்டறையில் பிடியைக் கழற்றி, தண்டில் ஒன்றரை அங்குலம் அறுத்து, பிடியைத் திரும்ப மாட்டினார். மறுபடி பவுடர். இந்த முறை ஏழு வட்டம் ஒன்றன்மேல் ஒன்றாக நடுவில் விழுந்தது. தண்டு குறைந்ததால் தலை லேசாகத் தெரிந்தது, அதற்கு அடியில் ஈயத்தாள் இரண்டு துண்டு ஒட்டினோம். அதே பட்டரைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன்.

உடம்புக்குப் பட்டர் எவ்வளவு பொருந்தவேண்டும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு சாட்சி உண்டு. டர்பனில் பிறந்த டிம் கிளார்க்குக் கைமூட்டுக்குக் கீழே முன்கை முழுதாகத் திரும்பாது, பிறவியிலேயே அப்படி. சாதாரணப் பிடி அவருக்குச் சிரமம். மார்போடு ஊன்றி ஆட்டும் நீண்ட பட்டரால் ஆடி 2010இல் அமெரிக்காவின் பிளேயர்ஸ் போட்டியை வென்றார். 2016 ஜனவரி 1 முதல் பட்டரை உடம்பில் ஊன்றி ஆடுவது விதிப்படி தடையானது. நீண்ட பட்டர் இருக்கலாம், ஊன்றக்கூடாது. இந்தத் தடை பேச்சாக இருந்தபோதே கிளார்க் எதிர்த்துப் பேசினார், அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். எர்னி எல்ஸ் வயிற்றில் ஊன்றும் பட்டரோடு 2012இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றவர். தடை வந்த அதே 2016இல், மாஸ்டர்ஸ் போட்டியின் முதல் குழியில், மூன்றடிக்குள்ளிருந்து ஆறு முறை உருட்டினார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த இரவு எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. அவ்வளவு பெரிய ஆட்டக்காரரின் கை, தனக்கே சொந்தமில்லாததுபோல நடுங்கியது.

கைப்பிடி என்றால் பப்வா சீகோலத்தைப் பேசாமல் இங்கே யாரும் முடிப்பதில்லை. தமிழர் அல்லர், ஆனால் டர்பன் தமிழ் வீடுகளில் அவர் பெயர் நம் வீட்டுப் பெயர். ஆடுபவர்களின் மட்டைப்பையைச் சுமக்கும் 'கேடி'யாக இருந்து ஆட்டம் கற்றவர். வலக்கைக்காரர்கள் இடக்கையை மேலேயும் வலக்கையைக் கீழேயும் வைப்பார்கள். அவர் மாற்றி, இடக்கையைக் கீழே வைத்து எல்லா மட்டையையும் பிடித்தார். கற்றுக்கொடுக்க யாரும் இல்லாததால் கை தேடிக்கொண்ட வழி அது. அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓப்பனை வென்றார். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் எங்கள் மாகாணத்தின் நட்டால் ஓப்பனை வென்றபோது, நிறவெறிச் சட்டங்களின் காலத்தில் கிளப் கட்டடத்துக்குள் அவர் நுழைய முடியாது என்பதால், மழையில் வெளியே நின்று கோப்பையை வாங்கினார். 1965இல் அதே போட்டியில் உலகப் புகழ்பெற்ற கேரி பிளேயரையே முந்தினார். ரெசர்வாயர் ஹில்ஸில் ஆற்றங்கரை மைதானம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. இன்று உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர், உருட்டும்போது மட்டும், இடக்கையைக் கீழே வைத்துத்தான் பிடிக்கிறார்கள். இடது மணிக்கட்டு மடங்காமல் இருக்க அது உதவுகிறது என்று பயிற்சியாளர்கள் விளக்குகிறார்கள். புதுப் பட்டர் வாங்கும் முன் ஒரு வாரம் அந்தப் பிடியைப் பழைய பட்டரில் முயன்று பாருங்கள். செலவில்லை.

கடைசியாக நம் புல்லைப் பற்றி. நட்டால் கடலோரத்தில் கிரீன்களில் வெப்பம் தாங்கும் பெர்முடா வகைப் புல்தான் அதிகம். அது நிமிர்ந்து வளராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும், அந்தச் சாய்வை இங்கே எல்லோரும் 'நேப்' என்பார்கள். புல் சாய்ந்த பக்கம் உருட்டினால் பந்து ஓடும், எதிர்த்து உருட்டினால் இழுத்துப் பிடிக்கும். குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும், மறுபக்கம் பழுப்பேறிச் சிதைந்திருக்கும். புல் சாய்வது சிதைந்த பக்கத்தை நோக்கி. மழைக்கால டிசம்பரில் புல் கொழுத்து வளர்வதால் நேப் வலுவாக இருக்கும், ஜூன், ஜூலையில் வளர்ச்சி அடங்கிக் கிரீன் வேகமாகும். டிசம்பரில் வாங்கிய பட்டரை ஜூனில் திட்டுபவர்கள் பாதிப்பேர் புல்லைத்தான் திட்டுகிறார்கள். பட்டரின் முகம் மூன்று, நான்கு டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதும் புல்லுக்காகத்தான்: பந்து தன் எடையில் புல்லுக்குள் சற்று அமிழ்ந்திருக்கும், அந்தச் சாய்வு அதைத் தூக்கி மேலே வைத்து உருளவிடும்.

கடைக்குள் விரித்திருக்கும் பச்சைக் கம்பளத்துக்கு நேப் கிடையாது, சாய்வும் கிடையாது, அதில் எந்தப் பட்டரும் நன்றாக உருட்டும். ஆகவே மைதானத்தோடு சேர்ந்த கடையாகப் பார்த்துப் போங்கள். பழைய பட்டரையும் ஒரு சிட்டிகைப் பவுடரையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பயிற்சி கிரீனில், நேப்பை எதிர்த்துப் பத்து, நேப்போடு பத்து என்று இரண்டு பட்டராலும் உருட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.